நாற்பது மில்லிமீட்டர்

வாங்கி வந்த அன்றே நஞ்சுண்டன் கேட்டான்:
‘கௌரம்மா, இதென்ன பாதி சைக்கிளா?’
முன்சக்கரத்தில் ஸ்பிரிங் இல்லை,
டயரில் பல் இல்லை,
ஹேண்டில் மட்டும் கிடாக்கொம்பாட்டம்
வளைந்து கீழே போகிறது.
கிராவல் சைக்கிள் என்றேன்.
கல்லும் மண்ணும் கிடக்கிற ரோட்டுக்கு
தனியாக ஒரு சைக்கிளா என்று
சிரித்து டீயை மூக்கில் ஏற்றிக்கொண்டான்.

அவனுடையது மலை சைக்கிள்.
பதினாலு கிலோ.
டயர் என் மணிக்கட்டைவிடத் தடிமன்.
தார் ரோட்டில் அது வரும்போது
தீப்பெட்டிக்குள் வண்டு.

ஞாயிறு விடிய ராயக்கோட்டையில் கிளம்புவோம்.
தக்காளி மண்டி வாசலில்
நசுங்கிய பழத்தில்
இரண்டு பேருக்கும் ஒரே வழுக்கல்.
உத்தனப்பள்ளி வரை தார்.
புளியமரத்துக்குப் புளியமரம் நின்று
அவனைக் கூட்டிப்போக வேண்டும்.
கெலமங்கலம் தாண்டினால் செம்மண், சரளை,
ரோஜா வளர்க்கும் பிளாஸ்டிக் குடில்கள்;
அங்கே பேசிக்கொண்டே போகலாம்.
பிறகு ஏரிக்கு அந்தப்பக்கம்
அந்தப் பாறைச் சரிவு.
முக்கால் கிலோமீட்டர்.
அவன் வெள்ளாடு.
நான் சைக்கிளைத் தோளில் போட்டு
உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கிச் சேரும்போது
கீழே சுண்டல் தீர்ந்திருக்கும்,
காகிதம் இருக்கும்.

ஒருநாள் மாற்றி ஓட்டினோம்.
தாரில் என் சைக்கிளோடு காணாமல் போனவன்
திரும்பி வந்து சொன்னது:
‘கழுத்து வலிக்குது.’
பாறையில் அவன் சைக்கிள் என்னைக் கேட்காமலே இறங்கியது.
நான் அதை அவனிடம் சொல்லவில்லை.

கணக்குதான் சொன்னேன்.
அறுபத்திரண்டு கிலோமீட்டரில்
முக்கால் கிலோமீட்டருக்காக
நாள் முழுக்க ஸ்பிரிங் சுமப்பார்களா?
‘வீட்ல குடை இருக்கில்ல?
நம்ம ஊர்ல வருஷத்துக்கு எத்தனை நாள் மழை?’ என்றான்.
தண்ணீர் பாட்டிலைத் திறந்து
மெதுவாகக் குடித்தேன்.

இதைச் சொல்ல வரவில்லை.

எனக்கு வேலை கிரஷரில், எடைமேடையில்.
குன்றை உடைத்து
நாற்பது, இருபது, பன்னிரண்டு, ஆறு என்று
மில்லிமீட்டரில் சலித்துப் பிரிப்பார்கள்.
மிச்சம் எம்-சாண்ட்.
அதற்கும் மிச்சம் என் தலைமுடியில்.
டயர் அகலம் நாற்பது என்று
ஓசூர் கடைக்காரர் விளக்க ஆரம்பித்தபோது
வேண்டாம் என்றேன்.
நாற்பது எனக்குத் தெரியும்.
கைக்குள் அடங்கும்,
ஓங்கினாலே நாய் ஓடும்.

ஐப்பசியில் உத்தனப்பள்ளி வளைவில் ஒரு பள்ளம்.
கார்த்திகையில் அதற்கு ஒரு தங்கை.
தை பிறந்தபோது
தார் இரண்டு ஓரத்திலும் கரையாக நின்றது,
நடுவில் சரளை.
அன்று நஞ்சுண்டன் பின்தங்கவில்லை.
மாசியில் வளைவு முழுக்கக் கல்.
முன்சக்கரம் ஒன்றின் மேல் ஏறி நின்றது;
நான் முழங்கையில் விழுந்தேன்.
எழுவதற்கு முன் அதைக் கையில் எடுத்தேன்.
நாற்பது.
சாம்பலில் மெல்லிய இளஞ்சிவப்பு வரி.
எங்கள் குன்று.
லாரி சிந்தியது.
நஞ்சுண்டன் ஓடிவந்து
எலும்பு உடைந்ததா என்றான்,
இல்லை, சலித்ததுதான் என்றேன்.
அவனுக்குப் புரியவில்லை.

திங்கட்கிழமை
கட்டுப்போட்ட கையோடு மேடையில் இருக்கிறேன்.
லாரி ஏறி நிற்கிறது.
சிவப்பு எண்கள் கொஞ்சம் ஆடி
நாற்பத்து மூன்று டன்னில் நிற்கின்றன.
சீட்டில் முப்பத்தைந்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.
எழுதுகிறேன்.
‘கை என்னாச்சு மேடம்?’ என்கிறார் டிரைவர்.
‘தார்ப்பாயை இழுத்துக் கட்டிட்டுப் போங்க.’
‘கட்டிக்கலாம் மேடம்.’
கட்டாமலே உத்தனப்பள்ளிப் பக்கம் திரும்புகிறார்.

முக்கால் கிலோமீட்டர்
இப்போது நாலரை.
நஞ்சுண்டன் ஜெயித்துக்கொண்டே வருகிறான்,
தினமும் பதினெட்டு சீட்டு,
என் கையெழுத்தில்.